ஆற்றுக்கு ஒரு மாதம், கொல்லைக்கு ஒரு மாதம்

தருமபுரியில் வெள்ளம் வரும் மாதம் வேறு, மழை வரும் மாதம் வேறு. சென்னைக்காரரிடம் சொன்னால் நம்ப மாட்டார். குடகிலும் வயநாட்டிலும் ஆனி, ஆடியில் கொட்டுகிற மழை கிருஷ்ணராஜசாகரையும் கபினியையும் நிரப்பிவிட்டு, பிலிகுண்டுலு வழியாகக் காவிரியாய் ஒகேனக்கல்லில் வந்து விழும். அதே நாட்களில் எங்கள் பக்கம் மேல்காற்று புழுதியை வாரி முகத்தில் அடித்துக்கொண்டிருக்கும். ஈரத்தையெல்லாம் மேற்குத் தொடர்ச்சி மலை வாங்கிக்கொண்டு அனுப்பிய காற்று அது. துணி சீக்கிரம் காயும். வேறு லாபம் எதுவும் எனக்குத் தெரிந்து இல்லை.

ஆடிப் பதினெட்டுக்கு இண்டூர், பென்னாகரம் தாண்டி மலை இறங்கும் பேருந்தில் ஆயாவோடு போவோம். எண்ணெய் தேய்த்துவிடுகிறவர்கள், மீன் வறுக்கிற அடுப்புகள், தலைமேல் பரிசலைக் கவிழ்த்துத் தூக்கிப் போகும் ஆட்கள். வெள்ளம் மிஞ்சினால் பரிசலும் கிடையாது, குளியலும் கிடையாது. தள்ளி நின்று பார்த்துவிட்டுத் திரும்ப வேண்டியதுதான். செம்மண் நிறத்தில் ஆறு போவதைப் பார்த்து ஆயா ஒன்றுதான் சொல்லுவாள்: “எல்லாம் மேட்டூருக்குத்தான் போவுது கண்ணு. நம்ம கெணத்துக்கு ஒரு சொம்பு வருமா?”

வராது. ஆறு பள்ளத்தில் ஓடுகிறது. தருமபுரி நகரம் கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 470 மீட்டர் உயர மேட்டில் உட்கார்ந்திருக்கிறது. குடிக்கக் கிடைத்ததெல்லாம் கிணற்று நீரும் ஆழ்துளைக் கிணற்று நீரும். அதில் ஃப்ளோரைடு. சிரித்தால் எந்தப் பக்கத்துப் பிள்ளை என்று பல்லின் பழுப்புக் கறையே காட்டிக்கொடுக்கும். ஜப்பானியக் கடனுதவியோடு கட்டிய ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013-இல் தொடங்கியபோதுதான் அந்த ஆறு குழாய் வழியாக மேடேறியது. அதைப் பார்க்க ஆயா இல்லை.

எங்களுக்கென்று வரும் மழை ஆவணிக்கு மேல்தான். ஆண்டு முழுவதும் கூட்டினாலும் 850 மில்லிமீட்டரை ஒட்டித்தான் நிற்கும். தென்மேற்கும் வடகிழக்கும் கிட்டத்தட்டச் சம அளவு கொடுக்கும். ஆவணி, புரட்டாசி மழை பகலில் வருவது அபூர்வம். காலையிலிருந்து மண்டையைப் பிளக்கும் வெயில். மூன்று மணிக்குக் காற்று நின்றுபோகும். புளியமரத்தில் ஓர் இலை அசையாது. பாலக்கோட்டுப் பக்கம் மலைக்குப் பின்னால் கருக்கத் தொடங்கியதும் களத்தில் காயும் நிலக்கடலையை அள்ளுவதா, விறகை உள்ளே தள்ளுவதா, மாட்டை அவிழ்த்துவருவதா என்று வீடே இரண்டாகும். சில நாள் எல்லாவற்றையும் அள்ளி முடித்த பிறகு மேகம் அப்படியே கிழக்கே அரூர் பக்கம் போய்விடும். ராத்திரி அங்கே மின்னுவது மட்டும் எங்கள் திண்ணையிலிருந்து தெரியும். அந்த நாட்களில் தாத்தாவிடம் யாரும் பேச்சுக் கொடுக்க மாட்டோம்.

பெய்தால் ஒரு மணி நேரம். இடியோடு, சில நாள் கல்மழையோடு. முதல் சொட்டுக்கே மின்சாரம் போய்விடும். மழை விட்டதும் விளக்கைச் சுற்றி ஈசல் மொய்க்கும். அண்டாவில் தண்ணீர் வைத்து அதன்மேல் விளக்கைக் காட்டிப் பிடிப்போம். மறுநாள் இறகு புடைத்து, அரிசியோடு வறுத்து, மடியில் கட்டிக்கொண்டு பள்ளிக்கூடம். நகரத்து நண்பர்கள் முகம் சுளிப்பார்கள். ருசி தெரியாதவர்கள்.

விடிந்ததும் தாத்தா கொல்லைக்குப் போய் மண்வெட்டியால் ஒரு கொத்துக் கொத்திப் பார்ப்பார். ஈரம் எவ்வளவு ஆழம் இறங்கியிருக்கிறது என்பதுதான் கணக்கு. ஓர் ஏர் ஓட்டப் பதம் இருந்தால் ஓர் உழவு மழை. நன்றாக இறங்கியிருந்தால் இரண்டு உழவு. டீக்கடையில் பக்கத்து ஊர்க்காரர் வந்தால் முதல் கேள்வியே “உங்க பக்கம் எத்தனி ஒழவு?” என்பதுதான். எங்களுக்கு இரண்டு உழவு கிடைத்த நாளில் ஓடைக்கு அந்தப் பக்கக் கொல்லை பொட்டுக்கூட நனையாமல் கிடந்ததும் உண்டு. கேழ்வரகு, சாமை, ஊடே அவரை, துவரை எல்லாம் அந்தக் கணக்கை நம்பித்தான். மழை பிந்திப்போன ஆண்டில் மிச்சக் கொல்லைக்குக் கொள்ளைத் தூவிவிடுவார்கள். பனியிலேயே விளைந்துவிடும் பயிர் என்று அதற்குப் பெயர்.

பிந்தினால் பரவாயில்லை, பொய்த்தால்? பெண்கள் வீடு வீடாகப் போய் மழைச்சோறு வாங்கி, ஊர் எல்லையில் கூடி உட்கார்ந்து ஒப்பாரி வைத்தபடி சாப்பிட்டதைப் பார்த்திருக்கிறேன். வைக்கோலில் கொடும்பாவி செய்து தெருத்தெருவாக இழுத்து, மாரடித்து அழுதார்கள். கூத்து வைத்தால் விராட பருவம்தான் ஆட வேண்டும், அதற்குத்தான் மழை இறங்கும் என்பது எங்கள் பெரியவர்களின் தீர்மானம். அரைத் தூக்கத்தில் கட்டியங்காரனின் கேலிக்குச் சிரித்த எனக்கு, ஊர் எவ்வளவு பயந்துபோய் அந்தக் கூத்தை வைத்திருக்கிறது என்பது அப்போது உறைக்கவில்லை.

ஐப்பசி, கார்த்திகை வேறு முகம். வங்கக் கடலில் புயல் சின்னம் என்று வானொலி சொன்னால் எங்களுக்கு இரண்டு நாள் மசமசவென்று தூறல், கம்பளி, சுடச்சுடக் களி, கொள்ளுக் கடைசல். சேலத்திலிருந்து வரும் லாரிகள் தொப்பூர்க் கணவாயில் வழுக்கும் தார்ச்சாலையில் ஊர்ந்து ஏறும். கடலோரம் நாசமான செய்தியை நாங்கள் செய்தித்தாளில்தான் படிப்போம். புயல் என்பது கடலூர்க்காரர்களின் கஷ்டம் என்ற நினைப்பு எங்களுக்கு நெடுநாள் இருந்தது.

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்து, நகர மனமில்லாமல் நின்றுவிட்டு, பிறகு வலுக்குறைந்து மேற்கே எங்கள் பக்கம் வந்தது. டிசம்பர் 2 காலையோடு முடிந்த ஒரே நாளில் அரூரில் 33 சென்டிமீட்டர். 2004 வரை எங்கள் மாவட்டத்தில் இருந்து பிறகு கிருஷ்ணகிரியோடு போன ஊத்தங்கரையில் 50. அங்கே ஓர் ஆண்டு மழையில் பாதிக்கு மேல் ஒரு பகல், ஒரு ராத்திரியில். தென்பெண்ணை பெருகி, கீழே சாத்தனூர் அணையிலிருந்து லட்சம் கன அடிக்கு மேல் திறந்துவிட்டார்கள். காவிரிக்குத்தான் அந்தக் கணக்கெல்லாம் என்று இருந்தவன் நான்.

அரூர் பக்கம் இருக்கும் மாமா மகனுக்கு அன்று மாலை ஃபோன் போட்டேன். பழக்க தோஷம், “எத்தனி ஒழவு மழை?” என்று கேட்டுவிட்டேன்.

“ஒழவா? வரப்பு எது, ஓடை எதுன்னே தெரியல மச்சான். மரவள்ளி முழுக்கத் தண்ணில நிக்குது, ரெண்டு நாள்ல புடுங்கலன்னா கெழங்கு அழுகிடும். ஆள் கூப்பிடப் போயிட்டிருக்கேன், அப்புறம் பேசறேன்” என்று வைத்துவிட்டான்.