எழுதிய வேகமும் ஓடும் வேகமும்

உம்மா தையல் காசில் சேர்த்த பணத்தைக் கொண்டு நானா பதுளை டவுனில் எட்டு ஜிபி ரெம் ஒன்று வாங்கி வந்தார். அதில் 3200 என்று எழுதியிருந்தது. பசறையில் எங்கள் வீட்டுக் கணினியோ 2133 என்று காட்டியது.

"போலிச் சாமானைத் தந்து ஏமாத்திட்டான்" என்று நானா கொதித்தார். உம்மாவின் முகம் வாடிப்போனது. "கடைக்குப் போய்ச் சண்டை பிடிக்க முதல் ஒருக்கா பார்ப்போம் நானா" என்றேன்.

டிடிஆர்4 நினைவகம் முதலில் பொதுவான, பாதுகாப்பான வேகத்தில்தான் இயங்கத் தொடங்கும். பெட்டியில் எழுதிய வேகம் எக்ஸ்எம்பி என்ற பெயரில் அதற்குள் பதிந்திருக்கும். பயோஸில் நாம்தான் அதைத் தெரிவு செய்ய வேண்டும். தெரிவு செய்ததும் 2666 ஆனது. அதற்கு மேல் ஏறவில்லை. எங்களிடம் இருப்பது ஐ3-10100 புரொசசரும் எச்410 மதர்போட்டும். அந்தச் சோடிக்கு 2666தான் எல்லை.

சிபியு-இசட் மென்பொருள் 1333 என்று காட்டியபோது நானா மறுபடியும் பதறினார். டிடிஆர் ஒரு துடிப்புக்கு இரு தடவை தரவு அனுப்பும். அதனால் இரண்டால் பெருக்க வேண்டும் என்று விளக்கினேன். அதே மென்பொருளில் ரெம்மின் விபரத்தைத் திறந்தோம். 3200க்கான பதிவும் அங்கே இருந்தது.

கடைக்காரர் சொன்ன சாமானைத்தான் தந்திருக்கிறார். ஒரு மனிதரைக் கள்ளன் என்று சொல்ல ஒரு நொடி போதும். அது சரியா என்று பார்க்க எங்களுக்கு அரை மணித்தியாலம் போனது.

தோழிகளே, ரெம் வாங்கப் போகும்போது உங்கள் புரொசசர், மதர்போட் இரண்டின் பெயரையும் எழுதிக்கொண்டு போங்கள். பெட்டியில் உள்ள எண்ணை அதன் பிறகு பாருங்கள்.