பிரேக்கில் காற்று எடுப்பது

ஒரே வேலைக்கு மூன்று மொழியில் மூன்று பெயர். ஆங்கிலத்தில் இரத்தம் வடிப்பதற்குச் சொல்லும் சொல்லையே இதற்கும் சொல்கிறார்கள். நான் பள்ளியில் படித்த பிரெஞ்சில் இதற்குப் பெயர் 'புர்ஜே'. வயிற்றுக்குப் பேதி மருந்து கொடுப்பதற்கும் அதே சொல்தான். நம் காரைக்கால் மெக்கானிக்குகள் மட்டும் உள்ளதை உள்ளபடி 'ஏர் எடுக்கணும் சார்' என்பார்கள். மூன்றில் சரியான பெயர் அதுதான்.

எங்களிடம் இருப்பது அம்பாசடர் மார்க் 2. உத்தரபாரா தொழிற்சாலையில் அம்பாசடர் உற்பத்தி 2014-ல் நின்றுபோனது. வண்டி இன்னும் ஓடுகிறது. ஓடுவது பெரிய விஷயமல்ல, நிற்க வேண்டும். மாசி மகத்தன்று திருவேட்டக்குடி சுவாமி வேடன் கோலத்தில் கடற்கரைக்கு எழுந்தருளும்போது தெருவில் இருக்கும் கூட்டத்தைப் பார்த்தவர்களுக்கு நான் சொல்வது புரியும். எந்தப் பக்கத்திலிருந்து எந்தக் குழந்தை ஓடிவரும் என்று சொல்ல முடியாது.

இந்த பிரேக்கின் சூத்திரத்தை எழுதிவைத்தவர் பாஸ்கால் என்ற பிரெஞ்சுக்காரர். திரவங்களைப் பற்றிய அவருடைய நூல் அவர் இறந்த மறு வருடம், 1663-ல் அச்சானது. அடைபட்ட திரவத்தை ஓரிடத்தில் அழுத்தினால் அந்த அழுத்தம் குறையாமல் எல்லாப் பக்கமும் போகும். அழுத்தும் பக்கம் 1 சதுர அங்குலமும் மறுபக்கம் 2 சதுர அங்குலமும் இருந்தால் விசை இரட்டிப்பாகும். இதை நான்கு சக்கரத்துக்கும் வைத்து 1921-ல் அமெரிக்காவில் டூசன்பர்க் கார் வந்தது. நம் காலால் ஒன்றேகால் டன் வண்டியை நிறுத்த முடிவது இதனால்தான்.

திரவம் அமுங்காது, காற்று அமுங்கும். குழாயில் ஒரு குமிழி இருந்தாலும் நாம் மிதிக்கிற மிதி அந்தக் குமிழியை நசுக்குவதற்கே செலவாகிவிடும். போதாததற்கு, பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் குணமுடையது. டாட் 3 ஆயில் புதிதாக இருக்கையில் 205 டிகிரிக்குக் குறைந்து கொதிக்காது. நூற்றுக்கு நாலு பங்குக்கும் குறைவாகத் தண்ணீர் சேர்ந்தாலே அது 140 டிகிரிக்கு இறங்கிவிடலாம். நம் ஊர்க் கடல்காற்றில் அந்த ஈரம் சேரப் பல வருஷம் ஆகாது.

நண்பர் ஒருவர் குடும்பத்தோடு ஏற்காட்டிலிருந்து இறங்கினார். வளைவுக்கு வளைவு பிரேக்கை மிதித்தே வந்திருக்கிறார். டிரம் சூடேறி, உள்ளே ஆயில் கொதித்து ஆவியாகி, ஒரு வளைவில் பெடல் தரைக்குப் போய்விட்டது. கியரைக் குறைத்து, கை பிரேக்கை இழுத்து, மலைப்பக்கச் சுவரில் உரசி நிறுத்தினார். கை பிரேக் கம்பியில் இயங்குவது, அதற்கு ஆயில் தேவையில்லை. அதனால் பிழைத்தார்கள். அந்த ஆயில் மாற்றி எத்தனை வருஷமாயிற்று என்பது அவருக்கே நினைவில்லை.

பெடலே நோயைச் சொல்லிவிடும். பஞ்சு மாதிரி இருந்து, நாலு தடவை மிதித்தால் மேலே வருகிறதென்றால் காற்று. கெட்டியாகத்தான் இருக்கிறது, ஆனால் ஆழமாகப் போய்ப் பிடிக்கிறதென்றால் ஷூ தேய்ந்திருக்கும், முதலில் அதை அட்ஜஸ்ட் செய்ய வேண்டும். மிதித்துக்கொண்டே இருக்கையில் மெள்ள இறங்கினால் எங்கோ ஒழுகுகிறது, அல்லது மாஸ்டர் சிலிண்டரின் வாஷர் போய்விட்டது. ஒழுகலை வைத்துக்கொண்டு காற்று எடுப்பது வீண்வேலை.

மாஸ்டர் சிலிண்டருக்குத் தூரமான சக்கரத்தில் தொடங்க வேண்டும். நம் வலப்பக்க ஸ்டியரிங் வண்டியில் பின் இடது, பின் வலது, முன் இடது, கடைசியில் முன் வலது. நிப்பிளில் குளுகோஸ் ஏற்றும் டியூபை மாட்டி, மறுமுனையைக் கொஞ்சம் ஆயில் ஊற்றிய ஹார்லிக்ஸ் பாட்டிலில் முக்க வேண்டும். ஒருவர் உள்ளே உட்கார்ந்து மெதுவாக மிதித்துப் பிடிக்க, மற்றவர் கீழே நிப்பிளைத் திறந்து மூட வேண்டும். மூடுவதற்குள் காலை எடுத்தால் போன காற்று திரும்ப உள்ளே வந்துவிடும். பெடலுக்கு அடியில் ஒரு மரக்கட்டை வைப்பது நல்லது. முழு ஆழத்துக்கு மிதித்தால் சிலிண்டரின் துருப்பிடித்த பாகத்தில் உரசி வாஷர் கிழியும். ஐந்தாறு மிதிக்கு ஒரு தடவை மேலே ஆயில் ஊற்ற மறக்கக் கூடாது.

எங்கள் வீட்டில் மிதிப்பது என் மனைவி. முப்பது வருஷத்துக்கு மேல் அவள்தான். 'மிதி', 'பிடி', 'விடு' என்று மூன்றே சொல்தான் பேச்சு. "பிடிச்சிருக்கேங்க" என்று பதில் வராமல் நான் நிப்பிளைத் தொடமாட்டேன். வேறு எந்த வேலையிலும் நாங்கள் இவ்வளவு ஒழுங்காக ஒருவர் பேச்சை ஒருவர் கேட்டதில்லை.

போன வருஷம் அவளுக்கு முழங்கால் ஆபரேஷன் ஆயிற்று. மிதிக்க முடியாது. வண்டியைக் கொடுத்துவிடலாமா என்று வீட்டில் பேச்சு எழுந்தது. மகன் ஒருவழி வால்வு வைத்த டியூப் வாங்கி அனுப்பினான். ஒரே ஆள் செய்துகொள்ளலாமாம். உண்மைதான். ஆனால் மிதிக்கிறவன் உள்ளே, குமிழி வருவது வெளியே. யார் பார்ப்பது?

இப்போது சக்கரத்துக்கு அருகே பிளாஸ்டிக் நாற்காலி போட்டு அவள் உட்காருகிறாள். நான் மிதிக்கிறேன். "இன்னும் வருதுங்க", "சின்னதா ஒண்ணு", "இப்ப சுத்தமா இருக்கு" என்று சொல்கிறாள். வண்டியைக் கொடுக்கும் பேச்சு இப்போது இல்லை.

பழைய வண்டி வைத்திருப்பவர்களுக்கு இரண்டு வார்த்தை. வடித்த ஆயிலைத் திரும்ப ஊற்றாதீர்கள். பெயிண்டில் சிந்தினால் உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள், இல்லாவிட்டால் பெயிண்ட் உரிந்துவிடும். இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை ஆயிலை மாற்றிவிடுங்கள். வேலை முடிந்ததும் தெருவுக்கு எடுக்கும் முன் வாசலிலேயே மெதுவாக ஓட்டி நிறுத்திப் பாருங்கள்.