பெட்டியில் இல்லாத மார்க்

1984-ல் அமெரிக்காவின் ஹாஸ்ப்ரோ நிறுவனம் 'டிரான்ஸ்ஃபார்மர்ஸ்' பொம்மைகளைக் கடைக்கு அனுப்பியபோது, பெட்டியின் பின்பக்கத்தில் ஒவ்வொரு ரோபோவுக்கும் ஒரு மார்க் ஷீட்டையும் அச்சடித்தது. பலம், அறிவு, வேகம், தாக்குப்பிடிக்கும் சக்தி, பதவி, துணிச்சல், சுடும் ஆற்றல், திறமை என்று எட்டுப் பாடங்கள். ஒவ்வொன்றிலும் பத்துக்கு எத்தனை என்று ஒரு வரைபடம். சும்மா பார்த்தால் புரியாது. கூடவே வரும் சிவப்பு பிளாஸ்டிக் துண்டை மேலே வைத்துப் பார்த்தால்தான் தெரியும். சிறுவர்களுக்கு அதுவே பாதி விளையாட்டு.

நல்லவர்கள் அணியின் தலைவன் ஆப்டிமஸ் பிரைமுக்கு ஆறு பாடங்களில் பத்துக்குப் பத்து. வேகத்திலும் சுடுவதிலும் மட்டும் எட்டு. கிட்டத்தட்ட முதல் ரேங்க்!

ஆனால், பிறந்தநாளுக்கு இதை வாங்கலாமா வேண்டாமா என்று கடையில் நின்று யோசிக்கும் அம்மா அப்பாவுக்கு இந்த மார்க் எதுவும் உதவாது. அது கதையில் வரும் வீரனுக்குப் போட்ட மார்க். கையில் இருக்கும் பொம்மைக்கு யார் மார்க் போடுவது?

அந்தப் பொம்மை பிறந்தது ஜப்பானில். டகாரா நிறுவனம் 1980-களின் தொடக்கத்தில் 'டயாக்ளோன்' என்ற வரிசையில் அதை விற்றது. அப்போது அது வெறும் இயந்திரம்தான். காலில் காந்தம் வைத்த குட்டி மனிதப் பொம்மைகள் உள்ளே உட்கார்ந்து ஓட்டும். ஹாஸ்ப்ரோ அந்த அச்சுகளை வாங்கி வந்தது. பெயரும் குணமும் கொடுக்கும் வேலை மார்வெல் காமிக்ஸுக்குப் போனது. ஆப்டிமஸ் பிரைம் என்ற பெயரை வைத்தவர் டென்னி ஓ'நீல். மற்ற பல ரோபோக்களுக்குப் பெயரும் கதையும் எழுதியவர் பாப் புடியான்ஸ்கி. இயந்திரத்துக்கு மனசு வந்ததும் டிரைவர் தேவைப்படவில்லை. பொம்மைக்குள் டிரைவருக்கான இடம் மட்டும் காலியாக அப்படியே இருந்தது.

பொம்மையாகப் பார்த்தால் அதில் குறைகள் உண்டு. சிவப்பு லாரியின் முன்பக்கம் நிமிர்ந்து ரோபோவாகிவிடும். கைகளின் முஷ்டிகள் மட்டும் தனித்தனித் துண்டுகள். ஒவ்வொரு முறையும் எடுத்துச் செருக வேண்டும். சோபா இடுக்கிலோ கட்டிலுக்கு அடியிலோ ஒன்று போய்விட்டால், உலகைக் காக்கும் தலைவன் ஒற்றை முஷ்டியோடுதான் சண்டை போட வேண்டும்.

இருந்தும் குழந்தைகள் அவனை விடவில்லை. கார்ட்டூனில் அவனுக்குக் குரல் கொடுத்தவர் பீட்டர் கல்லன். வியட்நாம் போரிலிருந்து திரும்பிய தன் அண்ணன் லாரியை மனதில் வைத்துத்தான் அப்படிப் பேசியதாக அவரே பலமுறை சொல்லியிருக்கிறார். ஹீரோ என்றால் கத்த வேண்டியதில்லை, மென்மையாக இருக்கும் அளவுக்கு உறுதி இருந்தால் போதும் என்பது அண்ணன் சொன்ன யோசனையாம். அதனால் அந்த லாரி, பொறுமையான ஒரு அப்பாவைப் போலப் பேசியது.

1986-ல் சினிமா வந்தது. புதிய பொம்மைகளுக்கு இடம் வேண்டும் என்பதற்காகப் பழைய பாத்திரங்கள் பலரைக் கதையில் சாகடித்தார்கள். ஆப்டிமஸும் அதில் ஒருவன். தியேட்டரில் குழந்தைகள் அழுதார்கள். பெற்றோர்களிடமிருந்து கோபம் வந்தது. தயாரித்தவர்களுக்கு அவன் பழைய சரக்கு. குழந்தைகளுக்கோ வீட்டில் ஒருவன். 1987-ல் கார்ட்டூனில் அவனை உயிரோடு திரும்பக் கொண்டுவந்தார்கள். பெரியவர்கள் போட்ட கணக்கைக் குழந்தைகள் திருத்திய அபூர்வமான சம்பவம் அது.

இன்றைக்குக் கடைக்குப் போகிறவர்களுக்கும் இந்தக் கதையில் ஒரு பாடம் இருக்கிறது. மார்க் போட வேண்டியது குழந்தையின் கை. அந்தக் கையை நினைத்துக்கொண்டு பெட்டியைப் பாருங்கள்.

முதலில், உருமாற்றத்தைக் குழந்தையே செய்ய முடியுமா? நிறைய மடிப்புகளும் திருப்பங்களும் கொண்ட பொம்மை கண்ணாடி அலமாரியில் பிரமாதமாக இருக்கும். ஆனால் ஒவ்வொரு முறையும் 'அப்பா, இதை லாரியாக்கிக் கொடு' என்று வந்து நின்றால், அது அப்பாவின் பொம்மையாகிவிடும். நாலே திருப்பில் மாறினாலும், தானே மாற்றிய பெருமை குழந்தைக்குக் கிடைக்க வேண்டும்.

அடுத்து, மூட்டுகள். ஒவ்வொரு பாகமும் தன் இடத்தில் 'டிக்' என்று உட்கார வேண்டும். முரட்டுத்தனமாக இழுத்தால் கழன்று வந்து, மறுபடி செருகினால் சேர்ந்துகொள்ளும் கை நல்லது. மெல்லிய பிளாஸ்டிக் நாக்கில் நிற்கும் கை ஒரே வாரத்தில் உடையும். குழந்தை அதற்காகத் திட்டும் வாங்கும். உடையும்படி செய்தது குழந்தை அல்ல.

மூன்றாவது, பாதுகாப்பு. மூன்று வயதுக்குட்பட்ட குழந்தை வீட்டில் இருந்தால் சின்னத் துண்டுகள் ஆபத்து. சோதனைக்கூடங்களில் சுமார் 32 மில்லிமீட்டர் அகலமுள்ள ஒரு சிறு உருளைக்குள் துண்டு முழுதாக இறங்குகிறதா என்று பார்க்கிறார்கள். இறங்கினால் அது தொண்டையில் சிக்கக்கூடிய அளவு. அண்ணனின் ரோபோவுடைய துப்பாக்கி, தவழும் தங்கையின் வாய்க்குப் போக ஒரு நிமிடம் போதும். கண்ணில் விளக்கு எரியும் ரோபோ என்றால் பேட்டரி மூடியைப் பாருங்கள். ஸ்க்ரூ போட்டு மூடியிருக்க வேண்டும். பட்டன் பேட்டரியை விழுங்கினால் இரண்டு மணி நேரத்துக்குள்ளேயே உணவுக்குழாய் புண்ணாகிவிடலாம். உடனே மருத்துவமனைக்கு ஓட வேண்டும். இந்தியாவில் 2021 ஜனவரி முதல் பொம்மைகளுக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம். அது பெட்டியில் இருக்கிறதா என்று தேடிப் பார்த்து வாங்குங்கள்.

கடைசி மார்க்கைக் கடையில் போட முடியாது. ஒரு மாதம் பொறுத்துப் பாருங்கள். அலமாரி உச்சியில் தூசி படிந்து நின்றால், எத்தனை ஆயிரம் கொடுத்து வாங்கியிருந்தாலும் அது ஃபெயில். ஸ்டிக்கர் உரிந்து, கை ஒன்று தொலைந்து, தலையணைக்குப் பக்கத்தில் படுத்திருந்தால் அதைக் குப்பையில் போட்டுவிடாதீர்கள். 'கைதான் போச்சே, புதுசு வாங்கலாம்' என்று சொல்வதற்கு முன்னால், ஒருமுறை குழந்தையைக் கேட்டுவிடுங்கள்.