நிறமில்லாத நீரால் தீட்டுகிறவர்கள்

என் பையில் இருந்த தூரிகைமுனைப் பேனாவைப் பெரியவர் வாங்கிப் பார்த்தார். மூடியைக் கழற்றி, முனையைத் தன் கட்டைவிரல் நகத்தின்மேல் வைத்து மெல்ல அழுத்தினார். முனை வளைந்தது. நகத்தில் மிளகளவு கறுப்பு விழுந்தது. விட்டதும் முனை பழையபடி கூராக நின்றது.

“மை எங்கம்மா இருக்கு?”

“உள்ளே, தண்டுக்குள்ளே இருக்கு ஐயா.”

தரையில் கிடந்த மூங்கில் குச்சி ஒன்றை எடுத்து என்னிடம் நீட்டினார். அதன் நுனிக்குச் சற்று மேலே கம்பளியை உருட்டிச் சுற்றி நூலால் இறுக்கிக் கட்டியிருந்தது. “எங்களுதுக்கு வயிறு வெளியே இருக்கு” என்றார்.

பதினைந்து ஆண்டுகளாகச் சிறுவர் நூல்களுக்குப் படம் வரைகிறேன். பெரும்பகுதி இந்தத் தூரிகைமுனைப் பேனாக்களால்தான். மெல்லத் தொட்டால் மயிரிழை, அழுத்தினால் அகலம், தூக்கினால் மறுபடி நுனி. ஒரே இழுப்பில் ஒரு வேப்பிலை வந்துவிடும். ஜப்பானின் நாரா நகரத்தில் 1902 முதல் மைக்கட்டி செய்துவந்த குரேதாக்கே நிறுவனம் 1973இல் இப்படி ஒரு பேனாவை விற்பனைக்குக் கொண்டுவந்தது. குரேதாக்கே என்பதே ஒரு மூங்கில் வகையின் பெயர். தொட்டுத் தொட்டு எழுத வேண்டாத, தானே மை சுரக்கும் தூரிகை அங்கேதான் பிறந்தது என்று நெடுநாள் எண்ணியிருந்தேன். சென்னையிலிருந்து சில மணி நேரப் பேருந்துப் பயணத்தில், கண்ணப்பர் கதையால் நமக்கெல்லாம் பழக்கமான காளத்தியில், அதே வேலையைச் செய்யும் கோல் தலைமுறை தலைமுறையாகக் கைமாறி வந்திருக்கிறது. அதைப் பார்க்கத்தான் அங்கே நான்கு நாள் தங்கினேன்.

இந்தக் கலைக்குப் பெயர் கலங்காரி. கலம் என்பது பாரசீகத்திலிருந்து வந்த சொல், எழுதுகோல் என்று பொருள். காரி என்றால் வேலை. தெலுங்கில் இதற்கு முன்பிருந்த பெயரும் எழுத்து வேலை என்றே பொருள்படும். தமிழிலும் சித்திரத்தை ‘எழுதுவது’தானே பழைய வழக்கு. அந்தச் சொல் எவ்வளவு சரியானது என்பது பெரியவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தபோதுதான் தெரிந்தது. கணக்குப்பிள்ளை பேரேட்டுக்கு முன் உட்கார்வதுபோல் தாழ்வான மேசைக்கு முன் சம்மணமிட்டு உட்கார்கிறார். கோலைச் செங்குத்தாகப் பிடிக்கிறார். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் கம்பளியின்மேல் இருக்கின்றன. விரல்கள் அசைவதே கண்ணுக்குத் தெரியவில்லை. சீதையின் முந்தானை மட்டும் வந்துகொண்டிருக்கிறது.

அவர் தன் கலங்களைத் தானே செய்துகொள்கிறார். கோட்டுக்கான கோலின் முனை ஊசிபோல் சீவப்பட்டிருக்கும். நிறம் நிரப்பும் கோலின் முனை மழுங்கலாக, பருமனாக இருக்கும். கம்பளி பழையதாக இருக்க வேண்டும். புதுக் கம்பளி நீரைக் குடிக்காது என்றார். கட்டு தளர்ந்தால் சொட்டும், இறுகினால் இறங்காது.

எனக்கு ஒரு சோதனைத் துணி கொடுத்தார். முழங்கை நீளம் இருக்கும். எலுமிச்சை வெளுப்பாக, புளித்த பால் மணத்தோடு இருந்தது. கஞ்சி போக அலசிய காடாத்துணியைக் கடுக்காய்த் தூளும் எருமைப்பாலும் கலந்த நீரில் முக்கிப் பிழிந்து காயவைத்தது. பாலின் கொழுப்பு துணியில் ஏறியிருப்பதால்தான் மை ஊறிப் பரவாமல் கோடு கோடாகவே நிற்கிறது. பசும்பாலைவிட எருமைப்பாலில் கொழுப்பு அதிகம்.

கலத்தை மையில் தோய்த்து, என் பழக்கப்படி முனையைத் துணியில் அழுத்தி ஒரு இலை இழுத்தேன். மூங்கில் வளையுமா? துணி சுருங்கியது, கம்பளியிலிருந்து குபுக்கென்று இறங்கிய மை காசளவுக்குத் தேங்கியது.

“கையை அழுத்தாதீங்கம்மா. கம்பளியை அழுத்துங்க.”

இதைப் புரிந்துகொள்ள எனக்கு ஒரு முழுக் காலைப்பொழுது ஆனது. என் பேனாவில் கோட்டின் அகலம் முனை வளைவதில் இருக்கிறது. கலத்தின் முனை வளையாது. அகலம் வேண்டுமானால் கம்பளியைக் கொஞ்சம் கூடுதலாகப் பிழிந்து கையின் வேகத்தைக் குறைக்க வேண்டும். மெல்லிய கோடு வேண்டுமானால் விரலைத் தளர்த்தி வேகமாக இழுக்க வேண்டும். அதாவது ஒரு கையே இரண்டு வேலை செய்கிறது: தோளும் முழங்கையும் கோட்டை நடத்துகின்றன, இரண்டு விரல் நுனிகள் நீரை அளக்கின்றன. ஒரு நொடி பிசகினாலும் துணி அதைக் காட்டிக்கொடுத்துவிடும்.

தேங்கிய மையைத் துடைக்கத் துணி தேடினேன். அவர் தலையசைத்தார். அதற்குள் அது கறுத்துவிட்டிருந்தது. நான் தோய்த்தபோது பானையில் இருந்தது கறுப்பே அல்ல, கலங்கிய தேநீர் நிறம். துருப்பிடித்த இரும்பையும் வெல்லத்தையும் தண்ணீரில் போட்டு, இரண்டு மூன்று வாரம் புளிக்கவைத்து வடித்த நீர் அது. கசிமி என்கிறார்கள். துணியில் ஏறியிருக்கும் கடுக்காய்த் துவர்ப்பும் இந்த இரும்பும் சேரும்போதுதான் கறுப்பு பிறக்கிறது. பிறந்த கறுப்பு நூலை விட்டுப் போகாது. அதனால்தான் புளியங்குச்சியைச் சுட்ட கரியால் முதலில் லேசாக வரைந்து பார்த்துக்கொள்கிறார்கள். கரியைத் தட்டினால் உதிர்ந்துவிடும், கசிமிக்கு அப்படிப்பட்ட இரக்கம் கிடையாது. நீர் அளவுக்கு மீறிக் கடுமையாகிவிட்டால் வேறு கேடு வரும். இரும்பு பல ஆண்டுகள் இருந்து நூலை அரிக்கும். பழைய சீலைகளில் நிறமெல்லாம் நன்றாக இருக்க, கறுப்புக் கோடு ஓடிய இடம் மட்டும் இற்றுப் போயிருப்பதைப் பார்த்திருக்கிறேன். காரணம் இங்கே வந்துதான் தெரிந்தது.

இந்தக் கோலைப் பற்றி ஐரோப்பியர் எழுதிவைத்த குறிப்புகள் பல. அவற்றில் நம் கரையிலிருந்து போன ஒன்று உண்டு. 1742இல் கெர்தூ என்ற பிரெஞ்சுப் பாதிரியார் சோழமண்டலக் கரையிலிருந்து எழுதிய கடிதத்தில், கூராகச் சீவிய மூங்கிலையும், அதில் கட்டிய நனைந்த துணியை விரலால் பிழிந்து நிறத்தை இறக்குவதையும் விவரித்திருக்கிறார். சித்திரச் சீலைகள்மேல் பிரான்சில் அவ்வளவு மோகம். உள்ளூர் நெசவைக் காக்க 1686இல் அவற்றுக்குத் தடை போட்டு, 1759 வரை நீக்காமல் வைத்திருந்தார்கள். அந்தக் காலத்தில்தான் தொழில் நுணுக்கத்தை இங்கே கேட்டுக் கேட்டு எழுதி அனுப்பினார்கள். பாதிரியாருக்குச் சொல்லிக்கொடுத்தவர்கள் மதம் மாறிய சாயக்காரர்கள். அவர் பெயர் வரலாற்றில் நிற்கிறது, அவர்களுடையது நிற்கவில்லை. இரண்டாம் நாள் பின்கட்டுக்குப் போனபோது இந்த நினைவு என்னை விடவில்லை.

பின்கட்டில் ஆறு பெண்கள் வரிசையாக உட்கார்ந்து நிறம் நிரப்பிக்கொண்டிருந்தார்கள். நிறம் என்று எழுதிவிட்டேன், கிண்ணங்களில் இருந்தது வெறும் தண்ணீர்போல் இருந்தது. படிகாரம் கரைத்த நீர். எங்கெல்லாம் சிவப்பு வர வேண்டுமோ அங்கெல்லாம் இதைத்தான் தீட்டுகிறார்கள். ஈரம் இருக்கும்வரை தீட்டிய இடம் சற்றுக் கருமையாகத் தெரியும். காய்ந்ததும் ஏறக்குறைய மறைந்துவிடும். ஆகவே ஒரு பூவைத் தொட்டால் முடிக்காமல் எழ முடியாது. விட்ட இடம் எது, தொட்ட இடம் எது என்று பிறகு கண்ணுக்குத் தெரியாது. நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். பக்கத்தில் கைக்குழந்தையைத் தூங்கவைத்திருந்த பெண், குழந்தை சிணுங்கியபோதும் ஒரு தாமரை முடியும்வரை குனிந்த தலையை நிமிர்த்தவில்லை. இடக்காலால் தூளியை ஆட்டிக்கொண்டிருந்தாள்.

“எப்படிம்மா தெரியுது, எல்லா இடத்திலும் ஒரே அளவு போட்டிருக்கோம்னு?”

“தெரியாதக்கா. கொப்பரையில போட்டாத்தான் தெரியும்” என்றாள். பிறகு, “விரலுக்குத் தெரியும்” என்றாள்.

எனக்கு அங்கே உட்கார்ந்திருக்கவே கூச்சமாக இருந்தது. நான் தீட்டும் நிறம் அந்த நொடியே தாளில் தெரிகிறது. தெரிவதைப் பார்த்துத்தான் அடுத்த இழுப்பை முடிவு செய்கிறேன். இவர்கள் நாளை மறுநாள் தோன்றப்போகும் சிவப்பை இன்று குருட்டாம்போக்கில் அல்ல, மிகச் சரியாக, ஓரம் தாண்டாமல் வைக்கிறார்கள். வெளியுலகம் இந்தக் கலையில் ஓவியர் என்று அழைப்பது கோடு எழுதுகிறவரைத்தான். நலிந்து கிடந்த தொழிலைத் தூக்கி நிறுத்த, கைவினைகளை மீட்க உழைத்த கமலாதேவி சட்டோபாத்யாயின் முயற்சியால் 1957இல் இங்கே பயிற்சி நிலையம் வந்தது. இந்த ஊரின் ஓவியர் குரப்ப செட்டிக்கு 2008இல் பத்மஸ்ரீ கிடைத்தது. எல்லாம் நியாயமான பெருமைகள். ஆனால் சீலையின் மூலையில் ஒரு கையெழுத்துதான் இருக்கிறது. நிரப்புகிறவர்களுக்குச் சதுர அடிக் கணக்கில் கூலி. கோடு எழுதும் பெரியவரிடம் இதைக் கேட்டேன். மறைக்கவில்லை. “அவங்க கை இல்லேன்னா என் கோடு வெறும் வேலிம்மா” என்றார். அப்படியானால் இரண்டு பெயரும் இருக்கலாமே என்றேன். வாங்குகிறவர்கள் ஒரு பெயரைத்தான் கேட்கிறார்கள் என்றார். வாங்குகிறவர்களில் நானும் ஒருத்தி. நான் கேட்டதில்லை.

அன்று மாலை கிளம்புமுன் என் சோதனைத் துணியை அந்தப் பெண்ணிடம் கொடுத்து, ஒரு மூலையில் அவள் பெயரை எழுதச் சொன்னேன். கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு, படிகார நீரிலேயே தோய்த்து, தெலுங்கில் எழுதினாள். எழுதி முடித்துச் சற்று நேரத்தில் ஒன்றும் இல்லை. என் கறுப்புத் திட்டு மட்டும் இருந்தது.

படிகாரம் ஒரு நாளாவது துணியில் கிடந்து பிடிக்க வேண்டும். பிறகு ஓடும் நீரில் அலசல். ஓடும் நீர் எதற்கு என்பது அப்போதுதான் புரிந்தது. பிடிக்காமல் மிஞ்சிய படிகாரம் நீரோடு விலகி ஓடிவிட வேண்டும். தொட்டியில் தேங்கிய நீரில் அலசினால் அது கரைந்து பக்கத்து இடங்களில் ஒட்டும், ஒட்டிய இடமெல்லாம் சிவக்கும். ஊரை ஒட்டி ஓடும் ஸ்வர்ணமுகி ஆறு இந்தத் தொழிலுக்கு அமைந்த கருவிகளில் ஒன்று, கலத்தைப் போலவே. ஆனால் ஆண்டின் பெரும்பகுதி அதில் மணல்தான். நான் போனபோதும் மணல். நான்கு பேர் ஆழ்துளைக் கிணற்று நீரைக் குழாயில் பாய்ச்சி, சீலையைச் சாய்வாகப் பிடித்து, நீர் ஒரு பக்கமாகவே ஓடும்படி அலசினார்கள். தூக்கித் தூக்கி அவர்கள் தோள் கடுத்திருக்கும். நல்ல தண்ணீர் இருந்தால் பாதி வேலை முடிந்தது என்று ஒருவர் சொன்னார். கலங்காரியைக் காக்க வேண்டும் என்று பேசுகிறவர்கள் முதலில் பேச வேண்டியது இந்த ஆற்றைப் பற்றி என்று எனக்குத் தோன்றுகிறது. கடைத்தெருவில் அச்சடித்த துணியைக் கலங்காரி என்று விற்பதைப் பற்றியும் புகார் சொன்னார்கள். அதுவும் உண்மைதான். பேருந்து நிலையத்துக்குப் போகும் வழியிலேயே பத்து கண்டேன்.

தஞ்சைப் பக்கம் சிக்கல்நாயக்கன்பேட்டையிலும் இதே கோலால் எழுதுகிறவர்கள் உண்டு. நாயக்கர் காலத்து உறவு. தேருக்குத் தொங்கும் தொம்பை, கோயிலுக்கு அஸ்மானகிரி என்ற விதானம், குடை என்று அவர்கள் வேலை வேறு. கருப்பூர்க் கலங்காரி என்ற பெயரில் 2021இல் புவிசார் குறியீடும் வந்தது. அது தனியே போய்ப் பார்த்து எழுத வேண்டிய கதை.

நான்காம் நாள் செப்புக் கொப்பரையில் மஞ்சிட்டியும் சுருள்பட்டையும் கொதித்துக்கொண்டிருந்தன. சோழமண்டலக் கரையின் புகழ்பெற்ற சாயவேர் ஒரு காலத்தில் தந்த சிவப்பை இன்று பெரும்பாலும் இவை தருகின்றன. சீலையை உள்ளே விட்டு நீண்ட கோலால் புரட்டிக்கொண்டே இருந்தார்கள். நின்றால் திட்டுத் திட்டாகப் பிடிக்கும். விறகுப் புகையில் எல்லோர் கண்ணும் கலங்கியிருந்தது. அரை மணி நேரத்துக்குப் பிறகு ஒரு முனையைத் தூக்கிக் காட்டினார்கள். சீதையின் புடவை, பூக்கள், அரக்கரின் உடல், ஒன்றுமே இல்லாதிருந்த இடங்களிலிருந்து சிவந்து வந்திருந்தன. நடுவெளி இளஞ்சிவப்பாக அழுக்குப்பட்டிருந்தது. அதைச் சாண நீரில் ஊறவைத்து, வெயிலில் விரித்து நீர் தெளித்துத் தெளித்து வெளுப்பார்கள். மறுபடி பால், பிறகு கடுக்காய்ப் பூவின் மஞ்சள், அவுரியின் நீலம், இரண்டும் சேர்ந்த பச்சை. இன்னும் எத்தனையோ நாள்.

என் முழங்கைத் துணியும் கூடவே வெந்து வந்தது. பெரியவர் அதைக் குச்சியால் எடுத்துக் கொடியில் போட்டார். திட்டுக்குப் பக்கத்தில் நான்கு எழுத்தும் சிவப்பாக நின்றன. பெண்கள் எல்லோரும் எழுந்து வந்து பார்த்தார்கள். எழுதியவள் கடைசியாக வந்தாள். துணியின் ஓரத்தை வெளிச்சத்துக்கு இழுத்து, மூன்றாவது எழுத்தின்மேல் விரலை வைத்தாள்.

“இது கசிஞ்சிருக்கு அக்கா. இந்த மூலையில பால் சரியாப் பிடிக்கலை. வேற துணி எடுங்க, திரும்ப எழுதித் தரேன்.”