டேலி ஆகாத புரோட்டீன்

பி.காம் மூன்றாம் வருடம் படிக்கிறவனுக்கும் என்.எம்.ஆருக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். சம்பந்தம் என் பெரியப்பா மகள். பி.எச்டி நாலாவது வருடம். வீட்டில் எந்த விசேஷம் என்றாலும் "இன்னும் எத்தனை நாள் படிப்பா?" என்பதுதான் முதல் கேள்வி. போன பொங்கலுக்கு அதை நானே கேட்டுத் தொலைத்தேன், எல்லோர் முன்னாலும். அக்கா பாதிச் சாப்பாட்டில் எழுந்து போய்விட்டாள்.

அடுத்த மாதம் அவளுடைய லேபுக்குப் போனேன். மன்னிப்பு கேட்கத்தான்... கேட்கவில்லை.

"பர்ஸ், செல்போன், சாவி எல்லாத்தையும் வெளியே வைடா. ஏ.டி.எம் கார்டு போச்சுன்னா என்னைக் கேக்காதே" என்றாள். உள்ளே என்னைவிட உயரமான ஒரு ஸ்டீல் அண்டா. அதற்குள் திரவ ஹீலியத்தில் மூழ்கிய காந்தம். அதன் நடுவில் இறங்குவது வெறும் 5 மி.மீ. தடிமன் உள்ள கண்ணாடிக் குழாய், அரை மில்லி புரோட்டீன் கரைசலோடு.

வைரஸ் புரோட்டீன் ஒற்றை இழை டி.என்.ஏவை எப்படிப் பிடிக்கிறது என்பதுதான் அவள் ஆராய்ச்சி. எனக்குப் புரிய வைக்க எம்13 கதையைச் சொன்னாள். எம்13, ஈ.கோலை பாக்டீரியாவைத் தாக்கும் வைரஸ். அதன் டி.என்.ஏ 6407 எழுத்துகள் கொண்ட ஒற்றை இழை வளையம். செல்லுக்குள் புதிய இழை உருவாக உருவாக, 87 அமினோ அமிலங்களே கொண்ட ஒரு குட்டிப் புரோட்டீன் ஜோடி ஜோடியாக வந்து அதன்மேல் அப்பிக்கொள்ளும். இல்லாவிட்டால் செல் எதிரே இன்னோர் இழையைக் கட்டி இரட்டையாக்கிவிடும்.

அந்தப் புரோட்டீன் எந்த இடத்தால் பிடிக்கிறது? காந்தத்துக்குள் ரேடியோ அலை அனுப்பினால், புரோட்டீனின் ஹைட்ரஜன் அணுக்கள் தத்தம் அக்கம்பக்கத்தைப் பொறுத்து வெவ்வேறு அதிர்வெண்ணில் பதில் தரும். டி.என்.ஏவைச் சேர்த்ததும் சில சிக்னல்கள் நகரும். ஆனால் நகர்ந்ததெல்லாம் தொட்டதாகிவிடாது. புரோட்டீன் லேசாக வடிவம் மாறினாலும் நகரும். அதனால் நெதர்லாந்தின் நைமேகன் பல்கலைக்கழகக் குழு, சிறிய டி.என்.ஏ துண்டில் ஜோடியில்லாத எலக்ட்ரான் உள்ள ஓர் அடையாளத்தை ஒட்டியது. அதற்குப் பக்கத்தில் இருக்கும் அணுக்களின் சிக்னல் மங்கிக் காணாமல் போகும். எவை காணோம் என்று பார்த்தால் டி.என்.ஏ எங்கே படுத்திருக்கிறது என்று தெரியும். காணாமல் போன வவுச்சரை வைத்தே கணக்கு எழுதுகிறார்கள்! :-)

இதற்கெல்லாம் கரைசல் அடர்த்தியாக இருக்க வேண்டும். எம்13 புரோட்டீனோ அடர்த்தி கூடினால் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். 41ஆவது இடத்தில் இருந்த டைரோசினை ஹிஸ்டிடினாக மாற்றிய பிறகுதான் நன்றாகக் கரைந்தது.

"அசலை மாத்திட்டா அது ஃபோர்ஜரி இல்லையா?" என்றேன்.

அக்கா பொங்கலுக்கு அப்புறம் அன்றுதான் என்னைப் பார்த்துச் சிரித்தாள். மாற்றியதும் டி.என்.ஏவைப் பிடிக்கிறதா என்று சோதித்திருக்கிறார்கள். பிடித்தது. சிக்கல் வேறு பக்கம். 1980களிலேயே இந்தப் புரோட்டீனுக்கு எக்ஸ்ரே முறையில் ஒரு வடிவம் வெளியாகியிருந்தது. என்.எம்.ஆர் சொன்னது அதோடு டேலி ஆகவில்லை, அதுவும் டி.என்.ஏவைப் பிடிக்கும் வளைவில். நானாக இருந்தால் அச்சில் வந்ததுதான் சரி என்று என் கணக்கை அடித்திருப்பேன். பாஸ்புக்கும் கேஷ்புக்கும் ஒத்துப்போகாவிட்டால் தப்பு நம்முடையது என்றுதானே முதலில் தோன்றும்? அவர்கள் அடிக்கவில்லை. 1994ல் அவர்களின் முழு வடிவம் வந்தது. அதே வருடம் வேறொரு குழு, 41ஐ மாற்றாத அசல் புரோட்டீனைப் படிகமாக்கி எக்ஸ்ரேயில் மறுபடி பார்த்தது. தப்பு பழைய எக்ஸ்ரே வடிவத்தில்தான்.

"உன் புரோட்டீன் என்னாச்சு?"

"கட்டி தட்டுது. எட்டு இடத்துல மாத்திப் பாத்துட்டேன். நாளைக்கு ஒன்பதாவது."

நாலு வருடத்துக்கு அவள் கணக்கு அவ்வளவுதான். கிளம்பும்போது பர்ஸை மறந்துவிட்டேன். அவள்தான் பஸ் ஸ்டாப் வரை ஓடி வந்து கொடுத்தாள்.

அடுத்த வாரம் சொந்தத்தில் ஒரு கல்யாணம், அக்காவும் வருகிறாள். அந்தக் கேள்வி கண்டிப்பாக வரும். பதில் நான் சொல்வதாக இருக்கிறேன், 41ஆவது அமினோ அமிலம் உட்பட. பெரியம்மாவுக்கு எவ்வளவு புரியுமோ தெரியாது. மன்னிப்பு மட்டும் இன்னும் பாக்கி.