மெஷினில் தண்ணீர் சுட்டதா?

வகுப்பில் ஒரு பிள்ளைக்குச் சொறி மாறி, இரண்டு கிழமையில் திரும்பவும் வருகிறது. நாங்கள் கேட்டால் உம்மாமார் சொல்வது ஒன்றுதான்: "எல்லாத்தையும் மெஷின்லதான் கழுவினோம் டீச்சர்."

கழுவியது சரி, தண்ணீர் சுட்டதா? சொறிப்பூச்சி சாக 50 பாகை சூடு 10 நிமிடமாவது வேண்டும். நம் வீடுகளில் உள்ள, மேலால் திறக்கும் மெஷின்கள் பலவற்றில் ஹீட்டரே இல்லை. 'ஹொட்' பட்டன் சுடுதண்ணீர்ப் பைப்பைத் திறந்துவிடும், அவ்வளவுதான். அந்தப் பைப் எத்தனை வீட்டில் இருக்கிறது? முன்னால் திறக்கும் மெஷினிலும் 'எக்கோ' போட்டால், கரண்ட் மிச்சம் பிடிக்கச் சூட்டைக் குறைத்துவிடும். 'கொட்டன் 60' போடுங்கள். (வாப்பாமார் பில்லைப் பார்த்துக் கோபிக்க வேண்டாம், ஒரு நாள் வேலைதான்.)

ஹீட்டர் இல்லையென்றால் பெட்ஷீட், தலையணை உறை, சாரம், துவாய் எல்லாவற்றையும் பேசினில் போட்டு, கொதிதண்ணீர் ஊற்றி மூடிவையுங்கள்; பிறகு மெஷினில் போடலாம். சுடுதண்ணீர் ஆகாததைப் பையில் இறுகக் கட்டி ஒரு கிழமை வையுங்கள். டொக்டர் தந்த லோஷனை வீட்டில் எல்லாரும் ஒரே இரவில் பூசுங்கள்.

பூசிய மறுநாள் பிள்ளையை அனுப்பலாம். தனி வாங்கில் இருத்தும்படி சிலர் கேட்கிறார்கள். நாங்கள் இருத்தப் போவதில்லை.