பிள்ளையை யாரிடம் விட்டு வருவது?

கிராமத்துப் பெண்கள் சங்கங்களிலும் பெண்தலைமைத்துவக் குடும்பங்களின் அமைப்புகளிலும் உழைக்கும் சகோதரிகளுக்கு இப்போது வெளிநாட்டுச் செயலமர்வுகளுக்கும் அழைப்பு வருகிறது. கடவுச்சீட்டு எடுத்துவிடலாம். விமானச் செலவை ஏற்பாட்டாளர்கள் தந்துவிடுவார்கள். ஆனால் "பிள்ளையை யாரிடம் விட்டு வருவது?" என்ற ஒரு கேள்வியினால் அழைப்புக் கடிதம் அப்படியே மடித்து வைக்கப்பட்டு விடுகிறது. கணவனை இழந்தவர்கள், கணவர் காணாமல் ஆக்கப்பட்டவர்கள், தாய்வீட்டுத் துணை இல்லாதவர்கள் என்றால் சொல்லவே வேண்டியதில்லை.

2023ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதத்தில் மூன்று நாள் செயலமர்வொன்றுக்காகச் சிங்கப்பூருக்குப் போக வேண்டியிருந்தது. மகளுக்கு 5 வயது, மகனுக்கு 2 வயது. வழமையாகப் பிள்ளைகளைப் பார்க்கும் என் அம்மாவுக்கு அப்போதுதான் கண்ணில் சத்திரசிகிச்சை முடிந்திருந்தது. கணவருக்கு விடுமுறை இல்லை. இருவரையும் கூட்டிக்கொண்டே போனேன். அந்தப் பயணத்தில் அறிந்துகொண்டவை உங்களுக்கும் உதவும் என்பதால் எழுதுகிறேன்.

முதல் வேலை கடிதம் எழுதியதுதான். "நான் வருகிறேன், இரண்டு பிள்ளைகளும் வருகிறார்கள், கூட்ட நேரத்தில் அவர்களைப் பார்ப்பதற்கான செலவை நீங்கள் ஏற்க முடியுமா?" என்று நேரடியாகக் கேட்டேன். மூன்றாம் நாள் சம்மதம் என்று பதில் வந்தது. முன்னர் எவரும் கேட்காததால் அப்படியொரு செலவைத் தாங்கள் நினைக்கவில்லை என்றும் எழுதியிருந்தார்கள்.

தங்கும் ஹோட்டலுக்கும் முன்கூட்டியே எழுதினேன். பெரிய ஹோட்டல்கள் பலவற்றில் பிள்ளை பார்ப்பவரை ஒழுங்கு செய்து தருவார்கள். அவர் அறைக்கே வந்து பிள்ளையுடன் இருப்பார். எங்கள் ஹோட்டல் விதித்த நிபந்தனைகள் இவை: ஒரு நாளுக்கு முன்பாவது சொல்ல வேண்டும்; குறைந்தது நான்கு மணித்தியாலத்திற்குப் பணம் கட்ட வேண்டும்; இரவு பிந்தினால் அவர் வீடு திரும்பும் டாக்சிச் செலவும் எங்களுடையது. அந்த நான்கு மணித்தியாலக் கட்டணத்தை எங்கள் காசுக்கு மாற்றிப் பார்த்தேன். எங்கள் ஊர் முன்பள்ளி ஆசிரியைக்கு ஒரு மாதத்தில் கிடைப்பதைவிட அது அதிகம்.

கொழும்பிலிருந்து சிங்கப்பூருக்கு ஏறக்குறைய நான்கு மணித்தியால விமானப் பயணம். அங்கு நேரம் எங்களைவிட இரண்டரை மணித்தியாலம் முந்தியது. காலை 9 மணிக்குக் கூட்டம் தொடங்கும்போது பிள்ளைகளின் உடம்புக்கு அது காலை 6.30. அதனால் ஒரு நாள் முன்னதாகவே போய்ச் சேர்ந்தோம். புது இடம், புது முகம், குழம்பிய தூக்கம் மூன்றையும் ஒரே காலையில் பிள்ளை மீது சுமத்தக் கூடாது.

ஹோட்டல் அனுப்பியவர் அறுபது வயதளவான தமிழ் அம்மா. சிங்கப்பூரின் நான்கு ஆட்சிமொழிகளில் தமிழும் ஒன்று. தமிழ் பேசுபவர் கிடைப்பாரா என்று நான் கேட்டிருந்தேன். கேட்டதனால்தான் கிடைத்தார். முதல் நாள் மாலையே அவரை அரை மணித்தியாலம் வரச் சொல்லி, நானும் கூட இருக்கப் பிள்ளைகளுடன் பழகவிட்டேன். வரவேற்பு மேசையில் அவருடைய அடையாள அட்டை பதியப்பட்டதைப் பார்த்துக்கொண்டேன். பிறகு நான் எழுதி வைத்திருந்த தாளைக் கொடுத்தேன்.

அதில் இருந்தவை: பிள்ளைகளின் பெயர், வயது, சாப்பாடு, பால், தூக்க நேரம், மகனுக்கு ஒத்துக்கொள்ளாத உணவு, என்னைக் கேட்காமல் பனடோல் உட்பட எந்த மருந்தும் கொடுக்கக் கூடாது, அறையை விட்டு வெளியே, முக்கியமாக நீச்சல் தடாகத்துக்கு, கூட்டிப்போகக் கூடாது, குளிக்க வார்க்க வேண்டாம், வேறு எவரும் அறைக்குள் வரக் கூடாது. கீழே என் தொலைபேசி இலக்கம், கூட்ட மண்டபத்தின் பெயர், அந்நாட்டின் அம்புலன்ஸ் இலக்கம் 995. கடவுச்சீட்டுகளையும் பணத்தையும் அறையிலிருந்த பெட்டகத்தில் பூட்டினேன்.

அந்த அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முழுவதையும் வாசித்தார். "இப்படி எழுதிக் கொடுத்தா எனக்கும் நல்லதும்மா. நாளைக்கு ஒண்ணுன்னா என்னைத்தானே கேப்பாங்க" என்றார். கேள்வி கேட்டால் மனம் நோகுமோ என்று நாங்கள் தயங்குகிறோம். ஆனால் தெளிவான ஒழுங்கு பிள்ளையைப் பார்ப்பவருக்கும் பாதுகாப்பு.

மகளுக்கும் சொல்லி வைத்தேன். அம்மா எத்தனை மணிக்கு வருவேன், பயமாக இருந்தால் எப்படி அழைப்பது, யாரும் தொடக் கூடாத இடங்கள் எவை, "இதை அம்மாவிடம் சொல்லாதே" என்று யார் சொன்னாலும் அதைத்தான் முதலில் அம்மாவிடம் சொல்ல வேண்டும் என்பதெல்லாம் அதில் அடக்கம். பிள்ளை கவனியாத நேரம் பார்த்து நழுவிப் போவது எங்களிடமுள்ள பழக்கம். நான் சொல்லிவிட்டே போனேன். மகன் கதவடியில் கத்தி அழுதான். பத்து நிமிடத்தில் விளையாடத் தொடங்கிவிட்டான் என்று தொலைபேசியில் தகவல் வந்தது. அதன் பிறகுதான் கூட்டத்தில் பேசியவர்களின் சொற்கள் என் காதில் ஏறின.

செயலமர்வு முடிந்த ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளுடன் ஊர் பார்க்கப் போனோம். கிழக்குப் பக்கத்தில் சிலோன் றோட் என்றே ஒரு தெரு இருக்கிறது. அங்கே இலங்கைத் தமிழர் கட்டிய ஸ்ரீ செண்பக விநாயகர் ஆலயம் உண்டு. இரண்டாம் உலகப் போரில் குண்டு விழுந்து சேதமடைந்து, பிறகு மீண்டும் எழுந்த கோயில். அங்கு கும்பிட்டுவிட்டு ஓர்ச்சர்ட் றோட்டுக்குப் போனோம். நடைபாதை ஓரங்களிலெல்லாம் வீட்டுப் பணிப்பெண்கள் கூட்டம் கூட்டமாக அமர்ந்து, சோற்றுப் பொதியைப் பகிர்ந்தபடி, தொலைபேசித் திரையில் தங்கள் பிள்ளைகளுடன் பேசிக்கொண்டிருந்தார்கள்.

சிங்கப்பூரில் 1978ஆம் ஆண்டு தொடங்கிய திட்டத்தின் கீழ் வந்த இத்தகைய பெண்கள் இன்று இரண்டரை இலட்சத்திற்கும் அதிகம். பிலிப்பைன்ஸ், இந்தோனேசியா, மியன்மார் நாட்டவரோடு எங்கள் நாட்டுப் பெண்களும் இருக்கிறார்கள். வாரத்தில் ஒரு நாள் ஓய்வு சட்டமானது 2013இல்தான். அனுமதிப் பத்திரத்திலுள்ள வீட்டைத் தவிர வேறிடத்தில் அவர்கள் உழைக்க முடியாது. மணித்தியாலக் கூலிக்கு ஹோட்டலில் பிள்ளை பார்க்கும் வேலை அவர்களுக்கு இல்லை.

எங்கள் நாட்டிலும் 2013இல், 5 வயதுக்குட்பட்ட பிள்ளைகளுள்ள தாய்மார் வீட்டுப் பணிக்காக வெளிநாடு செல்வது தடுக்கப்பட்டது. 2022இல் அந்த வயதெல்லை இரண்டாகக் குறைக்கப்பட்டது. பிள்ளைக்கு யார் பொறுப்பு என்ற கேள்வி எப்போதும் தாயிடமே கேட்கப்படுகிறது. பிள்ளையை விட்டுச் செல்ல நம்பகமான இடம் ஊரில் உண்டா என்பதை எவரும் கேட்பதில்லை.

2009இல் மெனிக் பாம் முகாமில் இருந்தபோது எனக்கு இருபது வயது. தாய்மார் தண்ணீருக்கும் நிவாரணத்திற்கும் வரிசையில் நிற்கப் போக, பக்கத்துக் கூடாரங்களின் பிள்ளைகள் எங்கள் கூடாரத்தில் இருப்பார்கள். ஒரு பிள்ளையை இழந்துவந்த தாய்மார் மற்றப் பிள்ளையின் கையை விடமாட்டார்கள். "நீ இந்த இடத்தை விட்டு அசையமாட்டாய் தானே, தங்கச்சி?" என்று திரும்பத் திரும்பக் கேட்டுவிட்டே போவார்கள். பின்னர் பல்கலைக்கழகத்தில் சமூகவியல் படித்தபோது, கூலியில்லாப் பராமரிப்பு உழைப்பு என்று அதற்கு ஒரு பெயர் இருப்பதை அறிந்தேன். நாங்கள் செய்தபோது அதை எவரும் வேலை என்று எண்ணவில்லை. ஹோட்டலில் அதற்கு மணிக்கணக்கில் விலை போட்டிருந்தார்கள்.

பெண்களுக்கெதிரான சகலவித பாரபட்சங்களையும் ஒழிப்பதற்கான 1979ஆம் ஆண்டின் சமவாயம், பெற்றோர் தொழிலிலும் பொதுவாழ்விலும் பங்கெடுக்கப் பிள்ளை பராமரிப்பு வசதிகளை ஊக்குவிக்குமாறு அரசுகளைக் கேட்கிறது. இலங்கை அதை 1981இல் ஏற்றுக்கொண்டது. ஆகவே பிள்ளைக்கு ஒழுங்கு செய்து தாருங்கள் என்று கேட்பது சலுகை கேட்பதாகாது.

வெளிநாடு என்றில்லை, பிரதேச செயலகக் கூட்டத்திற்கும் இது பொருந்தும். ஒரு பாய், கொஞ்சம் விளையாட்டுப் பொருள், கொடுப்பனவுடன் ஒரு பொறுப்பான பெண், இவ்வளவும் பக்கத்து அறையில் இருந்தால் எத்தனையோ தாய்மார் கூட்டத்தில் வாய் திறப்பார்கள். எங்கள் சங்கத்தில் இப்போது செலவுத் திட்டத்தில் தேநீர்ச் செலவுக்குக் கீழே "பிள்ளை பராமரிப்பு" என்று ஒரு வரி சேர்த்திருக்கிறோம். அடுத்த அழைப்புக் கடிதம் வரும்போது, சகோதரிகளே, அதை மடித்து வைக்காதீர்கள். பிள்ளைக்கு என்ன ஒழுங்கு என்று கேட்டு ஒரு பதில் எழுதுங்கள்.